அறிக்கை எழுதும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

போன வாரம் பேசும்போது உன் குரலில் சுரத்தே இல்லை. "ஆராய்ச்சி செய்யலாம் என்றுதான் மத்திய வங்கி வேலைக்கு வந்தேன், என்னை அறிக்கை எழுதும் குழுவில் போட்டுவிட்டார்கள் அப்பா" என்றாய். போனில் ஏதோ ஆறுதல் சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், ஆறுதல் சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தெரியவில்லை. பொருளியல் பாடம் நடத்தியே காலம் கழித்தவன் நான். நீ இப்போது உட்கார்ந்திருக்கும் இடம் எவ்வளவு முக்கியமானது என்று உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

வாயைத் திறக்காமல் இருப்பதையே மத்திய வங்கிகள் கௌரவமாக நினைத்த காலம் ஒன்று இருந்தது. 1920 முதல் 1944 வரை பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக இருந்த மாண்டேகு நார்மன், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்ற கொள்கைக்காரர் என்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கே, வட்டி விகிதத்தை மாற்றினால் அன்றைக்கே அறிவிக்கும் வழக்கம் 1994 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அதற்கு முன்பு, பணச் சந்தையில் அது என்ன வாங்குகிறது, என்ன விற்கிறது என்று பார்த்துத்தான் மற்றவர்கள் ஊகிக்க வேண்டியிருந்தது.

அந்த மௌனம் ஏன் கலைந்தது? 1989-இல் நியூசிலாந்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. விலை நிலைத்தன்மைதான் மத்திய வங்கியின் வேலை என்றும், அதற்கு அது பதில் சொல்ல வேண்டும் என்றும் ஆனது. பிரிட்டன் 1992 செப்டம்பரில் நாணயங்களின் மதிப்பை ஒன்றோடொன்று கட்டிவைத்த ஐரோப்பிய நாணய மாற்று ஏற்பாட்டிலிருந்து வெளியேறியது. பவுண்டுக்கு இருந்த பிடிமானம் போய்விட்டது. மக்களை நம்பவைக்க வேறு ஏதாவது வேண்டும். அடுத்த பிப்ரவரியிலேயே இங்கிலாந்து வங்கி தன் முதல் பணவீக்க அறிக்கையை வெளியிட்டது. நீ எழுதும் அறிக்கையின் மூதாதை அதுதான்.

மத்திய வங்கியின் கைக்குள் நேரடியாக இருப்பது மிகக் குறுகிய காலக் கடனின் வட்டி மட்டும்தான், இல்லையா? பல வருஷக் கடன் வாங்கும் ஒரு குடும்பம் கட்டப்போகும் வட்டி, இனிமேல் வங்கி என்ன செய்யும் என்று சந்தை நினைப்பதைப் பொறுத்தது. சம்பள உயர்வு பேசுகிறவர்களும் அடுத்த வருஷம் விலைவாசி எவ்வளவு ஏறும் என்ற மனக்கணக்கோடுதான் பேசுகிறார்கள். அந்த மனக்கணக்கு ஏறினால், அதுவே நிஜ விலையையும் ஏற்றிவிடும். ஆகவே நீ எழுதும் ஒவ்வொரு பத்தியும் கொள்கையின் ஒரு பகுதி. வட்டி முடிவு ஒரே ஒரு வரிதான். மீதி வேலையை விளக்கம் செய்ய வேண்டும்.

சரி, ஆய்வுக்கு வருகிறேன். எந்த மத்திய வங்கிக்கும் நாட்டின் இன்றைய நிலை இன்றைக்குத் தெரியாது. காலாண்டு முடிந்து பல வாரங்கள் கழித்துத்தான் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் முதல் மதிப்பீடு வரும். அதையும் பிறகு திருத்துவார்கள், வருஷக்கணக்கில்கூடத் திருத்துவார்கள். அதனால்தான் மின்சார நுகர்வு, சரக்குப் போக்குவரத்து, வரி வசூல், வங்கிக் கடன் என்று சீக்கிரம் கிடைக்கும் எண்களைத் துழாவுகிறார்கள். அதுவும் போதாமல் ஆட்களைப் போய்க் கேட்கிறார்கள். ஃபெடரல் ரிசர்வின் 12 வட்டார வங்கிகளும் தங்கள் பகுதி வியாபாரிகளிடம் கேட்டறிந்ததைத் தொகுத்து வருஷத்துக்கு எட்டு முறை வெளியிடும் 'பழுப்புப் புத்தகம்' உனக்குத் தெரியும். அதைத் தவறாமல் படி. எண்களில் ஒரு மாற்றம் தெரிவதற்கு முன்பே, ஆள் எடுப்பதை ஒரு முதலாளி தள்ளிப்போட்டிருப்பது அதில் வந்துவிடும்.

நம் ரிசர்வ் வங்கி குடும்பங்களிடம் நடத்தும் கணக்கெடுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது விலைவாசி எவ்வளவு ஏறியிருப்பதாக நினைக்கிறீர்கள், மூன்று மாதம் கழித்து எப்படி, ஒரு வருஷம் கழித்து எப்படி என்று கேட்பார்கள். மக்கள் சொல்லும் எண் பெரும்பாலும் அதிகாரபூர்வ பணவீக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். ஜனங்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். பணவீக்கத்தை அளக்கும் விலைக் குறியீட்டெண் என்பது எல்லோருடைய செலவுக்குமான சராசரி. யாரும் சராசரிக் குடும்பமாக வாழ்வதில்லை. அடிக்கடி வாங்கும் பொருளின் விலை ஏறினால் மனதில் நிற்கும், எப்போதோ வாங்கும் பொருளின் விலை இறங்கினால் நிற்காது. அந்த இடைவெளியும் ஒரு தரவுதான். உன் வாசகர் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறார். 'பணவீக்கம் தணிந்தது' என்று நீ எழுதினால் அவர் விலை குறைந்தது என்று படிப்பார், குறையவில்லையே என்று உன்னை நம்பாமல் போவார். ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை அப்படியே இருக்கிறது என்று இன்னொரு வரி எழுதிவிடு. மேலதிகாரி அது தேவையில்லை என்றால் வாதாடு.

அடுத்தது, தெரியாததை எப்படிச் சொல்வது? 1996-இல் இங்கிலாந்து வங்கி பணவீக்கக் கணிப்பைக் காட்ட விசிறி வரைபடத்தைக் கொண்டுவந்தது. கடந்த காலம் ஒரே கோடு. இன்றைய தேதியைத் தாண்டியதும் அது பட்டை பட்டையாக விரியும். நடுவில் அடர் நிறம், ஓரத்தில் வெளிர் நிறம், தள்ளிப் போகப் போக இன்னும் அகலம். 'பணவீக்கம் இதற்குள் எங்கு வேண்டுமானாலும் அமையலாம்' என்று ஒரு பெரிய நிறுவனம் பகிரங்கமாக ஒப்புக்கொண்ட படம் அது. ஆனால் 2024-இல் அந்த வங்கியின் கணிப்பு முறையை ஆராய்ந்த ஃபெடரல் ரிசர்வின் முன்னாள் தலைவர் பென் பெர்னான்கி, விசிறியைக் கைவிட்டு, 'எரிபொருள் விலை இப்படிப் போனால் என்ன ஆகும்' என்பது போன்ற மாற்றுச் சூழல்களை எழுதச் சொன்னார். அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். விசிறி சந்தேகத்தின் அளவைக் காட்டும், காரணத்தைக் காட்டாது.

இன்னொன்று. பிரிட்டனில் பணவீக்கம் அரசு வைத்த இலக்கிலிருந்து ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் விலகினால், ஆளுநர் நிதியமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டும். 2007 ஏப்ரலில் அன்றைய ஆளுநர் மெர்வின் கிங் அப்படி முதல் கடிதம் எழுதினார். இந்தியாவில் இலக்கு 4 சதவீதம். தொடர்ந்து மூன்று காலாண்டுகள் சராசரி 2-க்குக் கீழோ 6-க்கு மேலோ போனால் ரிசர்வ் வங்கி அரசுக்குக் காரணம் சொல்ல வேண்டும். 2022-இல் அப்படி ஆனது. அறிக்கை அரசுக்குப் போனது, அப்போது மக்களுக்கு வெளியிடப்படவில்லை. எனக்கு அது குறையாகவே பட்டது. இலக்கு தவறிய நேரத்தில்தானே விளக்கம் அதிகம் வேண்டும்?

அடுத்த அறிக்கை வெளியான அன்று இணைப்பை அனுப்பு. அதற்கு முன்னால் ஒரு வரிகூட வேண்டாம், உங்கள் அலுவலக விதி எனக்கும் தெரியும். உன் பகுதி எதுவென்று மட்டும் சொல். எனக்குப் புரியாத இடங்களையெல்லாம் குறித்து அனுப்புகிறேன், அம்மாவையும் படிக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா