வசந்திக்கு, சால்ட் லேக் சிட்டியிலிருந்து

அன்புள்ள வசந்தி,

நலம். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். குளிர் விட்டது, முழங்கால் வலி விடவில்லை. உன் சர்க்கரை எவ்வளவு என்று இந்த முறையாவது மழுப்பாமல் எழுது.

"அந்த ஊரில் ஒருத்தனுக்கு நாலைந்து பெண்டாட்டியாமே, சக்களத்திச் சண்டையில் மண்டை உடையாதா?" என்று கேட்டிருந்தாய். நீ சிரித்துக்கொண்டே எழுதியிருப்பாய், எனக்கோ அது மனதில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்கள் எழுதி வைத்த நாட்குறிப்புகளைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். மருமகள்கூட "என்னம்மா, பரீட்சையா?" என்கிறாள்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் இந்த ஊரை உண்டாக்கிய மதப் பிரிவான மார்மன் சபை 1890இலேயே பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. இன்று அப்படி மணம் செய்தால் சபையை விட்டே நீக்குவார்கள். பிரிந்துபோன சில குழுக்கள்தான் இன்னும் தொடர்கின்றன. நான் சொல்வது அதற்கு முந்தைய காலத்துக் கதை.

சண்டை உண்டு, கண்ணீரும் உண்டு. பேட்டி செஷன்ஸ் (Patty Sessions) என்று ஒரு மருத்துவச்சி. 1846இல் சபையார் இடம்பெயர்ந்து மேற்கே போகும் வழியில், மிசௌரி ஆற்றங்கரைக் குளிரில், கணவர் புதிதாக மணந்த ரோசில்லாவோடு ஒத்துப்போக முடியாமல் அவள் பட்ட பாடு நாட்குறிப்பில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்துவிட்டு வந்து, தன் கூடாரத்தில் அழுகிறாள். கடைசியில் ரோசில்லாதான் விலகிப் போனாள். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எழுதி வைக்க யாருமில்லை.

என்னை உலுக்கியது ஸைனா. சபைத் தலைவர் பிரிகாம் யங்கின் மனைவிகளில் ஒருத்தி. 1869இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் அவள் சொன்னதாக வந்தது: இந்த வாழ்க்கையில் நிம்மதியாக இருக்க வேண்டுமானால் கணவனிடம் மரியாதை மட்டும் வைக்க வேண்டும், காதல் வைக்கக் கூடாது. சரி, அவ்வளவு பெரிய மனதை அப்புறம் எங்கே கொண்டுபோய் வைப்பது? யங்கின் இன்னொரு மனைவி கிளாரிஸா ராஸ் இறந்தபோது, அவளுடைய நான்கு பிள்ளைகளையும் ஸைனாதான் வளர்த்தாள்.

இதைவிட எனக்குப் பிடித்தது எல்லிஸ் ஷிப்பின் கதை. அவள் கணவர் மில்ஃபர்ட் ஷிப்புக்கு நான்கு மனைவிகள். 1875இல் ஃபிலடெல்ஃபியா பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு முதலில் போனவள் மேகி. வீட்டு ஏக்கம் தாங்காமல் சில வாரங்களில் திரும்பிவிட்டாள். அந்த இடத்துக்கு எல்லிஸ் போனாள், மூன்று சின்னப் பையன்களை மற்ற மனைவிகளிடம் விட்டுவிட்டு! பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது மட்டுமில்லை, சிக்கனம் பிடித்துப் பணமும் அனுப்பினார்கள். நடுவில் 1877இல் அவளுக்கு அங்கேயே ஒரு மகள் பிறந்தாள். படிப்பை விடவில்லை, 1878இல் டாக்டராகிவிட்டாள். பிறகு மேகியும் போய் 1883இல் பட்டம் வாங்கினாள்.

கொஞ்சம் யோசித்துப் பார், வசந்தி. தாலி கட்டிய ஒருத்திக்கே அந்தக் காலத்தில் யார் படிப்பு கொடுத்தார்கள்? இங்கே ஒருத்தியின் படிப்பை மற்றவர்கள் சுமந்தார்கள். இதைச் சொன்னதும் "அப்போ அந்த முறை நல்லதுங்கிறியா?" என்று நீ பாய்வாய். இல்லவே இல்லை. ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்று கட்டிய வீடு அது. மேகியே பின்னால் ஷிப்பை விட்டுப் பிரிந்தாள். எம்மலின் வெல்ஸ் என்று இன்னொருத்தி, 1877லிருந்து பெண்களுக்கான பத்திரிகையை முப்பது வருடங்களுக்கு மேல் நடத்தினாள், ஓட்டுரிமைக்குப் போராடினாள், பலதார மணத்தை ஊரறிய ஆதரித்தும் எழுதினாள். நாட்குறிப்பிலோ, தன்னை எட்டிப் பார்க்காத கணவருக்காக ஏங்கி அழுகிறாள். அவருக்கு அவள் ஏழாவது மனைவி. இரண்டு எழுத்தும் ஒரே கையால் எழுதியவை என்பதை என்னால் சுலபமாகக் கடக்க முடியவில்லை.

அந்த வீடு அநியாயம்தான். ஆனால் அதற்குள் அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த அன்பு அந்த வீடு கொடுத்ததில்லை, அவர்களே உண்டாக்கியது. நோயில் பக்கத்தில் உட்கார்ந்தது, பிள்ளையைப் பங்கு போட்டது, இரவில் பேசிக்கொண்டிருந்தது, எல்லாம் இன்னொரு பெண். வரலாறு கேட்கும்போது மட்டும் கணவன் எத்தனை பேரை மணந்தான் என்றே கேட்கிறது.

இதையெல்லாம் படிக்கும்போது பத்மா நினைப்பாகவே இருக்கிறது. அவள் ஓரகத்தி போன மாசம் போய்விட்டாள், உனக்குத் தெரிந்திருக்கும். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கொழுந்தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்களாம். பத்மா காபி போட்டுக்கொண்டிருந்தாளாம். முப்பது வருஷம் ஒரே சமையலறை, வசந்தி! வீட்டுக்காரரோடு பேசினதைவிட இவளோடு பேசினதுதான் அதிகம் என்று போனில் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். நம் பத்மா எப்போது அப்படிச் சொல்வாள் என்று உனக்குத் தெரியும்.

நீ திருச்சியில்தானே இருக்கிறாய். ஒரு நடை போய்ப் பார். காபி போட விடாதே, நீயே போடு. ஓரகத்தியைப் பற்றி அவள் பேசட்டும், நீ உன் கதையை ஆரம்பிக்காதே. போய் வந்து எனக்கு எழுது.

அன்புடன்,
மீனாட்சி