கருந்துளையும் "இவ்வளவு போதும்" என்ற பதிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு விஞ்ஞானப் பக்கத்தில், "கருந்துளை அகப்பட்டதையெல்லாம் விழுங்கிவிடும், தன் விண்மீன் திரளுக்கு வெளியே அதனால் ஒரு பாதிப்பும் இல்லை" என்று போட்டிருந்தீர்கள். முதல் பாதி பழகிப்போன பேச்சு, விட்டுவிடலாம். இரண்டாம் பாதி எங்கிருந்து வந்தது?

தங்களுக்குத் தெரியாததல்ல. உள்ளே விழப்போகும் வாயு, திரும்பிவர முடியாத அந்த விளிம்பைத் தாண்டுவதற்கு முன்பே கடுமையாகச் சூடேறி, அந்தச் சக்தியில் ஒரு பங்கு காற்றாகவும் தாரையாகவும் வெளியே பாய்கிறது. பெர்சியஸ் என்ற விண்மீன் திரள் கொத்தின் நடுவிலுள்ள கருந்துளை சுற்றியுள்ள வாயுவில் ஊதிவைத்த குமிழிகளைச் சந்திரா எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கி படம் பிடித்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இப்படித் தள்ளப்பட்ட வாயு திரளைவிட்டு வெளியே போய்ப் பரவுவதால், அண்டத்தில் பொருள் கொத்துக்கொத்தாகச் சேர்வதே குறைகிறது, சில கணினி மாதிரிகளில் ஒரு கோடி ஒளியாண்டுக்கும் குறைந்த தூரங்களில் 10 வீதத்துக்கும் மேல். சரியாக எவ்வளவு என்பதில்தான் இன்னும் சண்டை. வாயு போன்ற சாதாரணப் பொருள் மொத்தப் பொருளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான், மீதி கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். ஆனாலும் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால், 2023இல் ஏவிய யூக்ளிட் தொலைநோக்கி, ஈர்ப்பால் ஒளி வளைவதால் தொலைவிலுள்ள திரள்களின் உருவம் சிதைந்து தெரிவதை அளந்து கரும்பொருளைப் பற்றிச் சொல்வதும் பிசகிவிடும்.

கோபம் இதற்கு மட்டுமல்ல. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இங்கே உயர்தர விஞ்ஞானப் பிரிவு கிடையாது, கெட்டிக்காரப் பிள்ளையும் கலைப்பிரிவுக்குத்தான் போகவேண்டும். அதைப்பற்றி எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை, ராசிபலனுக்கு மட்டும் பக்கம் கூடிக்கொண்டே போகிறது. எங்களை உங்களுக்கு ஞாபகம் வருவது கொழுந்து பறிக்கும் பெண்ணின் வண்ணப் படத்துக்குத்தான். முன்பொரு தவறைச் சொல்லத் தொலைபேசி எடுத்தபோது, "தோட்டத்து வாசகர்களுக்கு இவ்வளவு போதும் சேர்" என்று மிக மரியாதையாகச் சொன்னார் உங்கள் ஆள் ஒருவர். அப்புறம் நான் எடுக்கவேயில்லை. என் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு, "எல்லாத்தையும் விழுங்குதுன்னா அந்தத் தாரை எங்கேயிருந்து சேர் வருது?" என்று கேட்டாள். இவ்வளவு போதாது போலிருக்கிறதே.

இரண்டு வரித் திருத்தம் ஒன்று போடுங்கள், சின்ன எழுத்தில் என்றாலும் பரவாயில்லை. உங்கள் கட்டுரையைப் பிள்ளைகள் வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டார்கள், அதன் பக்கத்திலேயே ஒட்டவேண்டும்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
மஸ்கெலியா