தஸ்லிமாவின் வசிப்பு அனுமதி

ஆசிரியருக்கு,

வங்கதேச எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரின் நாட்டைவிட்டு வெளியேறி 30 ஆண்டுகள் தாண்டிவிட்டன. இந்துச் சிறுபான்மையினர் மீதான வன்முறையை 1993இல் ‘லஜ்ஜா’ நாவலில் எழுதினார். மதத்தின் பெயரால் பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டித்தார். ஃபத்வா ஒருபுறம், மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்கு மறுபுறம். இன்று அவர் ஸ்வீடன் குடியுரிமை பெற்றவர். ஆனால், வங்க மொழி புழங்கும் மண்ணில் வாழவே விரும்புகிறார். அப்படி அவர் வாழ்ந்த கொல்கத்தாவிலிருந்தும் 2007 நவம்பர் கலவரத்துக்குப் பிறகு அவரைத்தான் வெளியேற்றினார்கள். இது மதச்சார்பற்ற நாட்டுக்குத் தலைகுனிவு.

டெல்லியில் வசிக்கும் அவரது அனுமதி 2024 ஜூலையில் காலாவதியானது. சமூக வலைதளத்தில் உள்துறை அமைச்சரிடம் பகிரங்கமாக முறையிட்ட பிறகே, அக்டோபரில் நீட்டித்தார்கள்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை; அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. எல்லாம் நிர்வாகத்தின் விருப்பம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் ஆறு மதத்தினரை மட்டுமே சொல்கிறது. மதத்தைத் துறந்ததற்காகத் துரத்தப்பட்டவருக்கு அதில் இடமில்லை. (ஈழத்தமிழ் அகதிகளுக்கும்தான்.)

காலாவதிக்கு முன்பே விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை பழைய அனுமதியே செல்லும் என்று விதி வேண்டும். அனுமதிக் காலத்தை ஐந்தாண்டாக்க வேண்டும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

– வாசகர், மதுரை