மணியின் சாப்பாட்டுத் தட்டு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். நம் நாய் மணிக்கு ஸ்பெக் சிபிஎல், அதாவது கணைய அழற்சியைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை, 460 வந்திருக்கிறது. 200 வரை இயல்பு. 400-ம் அதற்கு மேலும் இருந்தால் கணைய அழற்சி என்று எடுத்துக்கொள்வார்கள். இடையில் வந்தால் மறுபடி பார்க்க வேண்டும். ஸ்கேனிலும் கணையம் தடித்துத் தெரிவதால், கணைய அழற்சி என்று டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் இந்த எண்ணையே நம்பி இருக்காதேம்மா. நாள்பட்ட நோயில் கணையத்தில் தழும்பு ஏற ஏற, உள்ளே வலி இருக்கும்போதே இந்த எண் இயல்பாக வரவும் கூடும். அடுத்த முறை 180 வந்தால் குணமாகிவிட்டது என்று நினைத்து பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடாதே.

கணையத்தில் சுரக்கும் செரிமான நொதிகள் செயலற்ற நிலையில் வெளியேறி, சிறுகுடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அழற்சியில் அவை கணையத்துக்குள்ளேயே கிளம்பி, அதையே அரிக்கின்றன. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கொஞ்சம் திசு போய்த் தழும்பாகிவிடும். போனது திரும்பாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றும் வேலையில் மருந்தைவிட அவன் தட்டுக்குத்தான் பங்கு அதிகம். கொழுப்பு மிகுந்த ஒரே ஒரு வேளைச் சாப்பாடு பல நாய்களுக்கு அடுத்த தாக்குதலைக் கிளப்பிவிடும்.

அதனால் முதலில் லேபிள் படிக்கக் கற்றுக்கொள். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். டின் உணவில் ‘கொழுப்பு 4%’ என்றும் உலர் உணவுப் பாக்கெட்டில் ‘6%’ என்றும் போட்டிருந்தால் கை தானாக டின்னுக்குத்தான் போகும். ஆனால் டின்னில் 78% தண்ணீர். மிச்சமுள்ள 22 பங்கில் 4 பங்கு கொழுப்பு என்றால் 18%. உலர் உணவில் தண்ணீர் 10%தான். 90-இல் 6 என்றால் 7%கூட வராது. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் கலோரியை வைத்துக் கணக்குப் போடு. டின் ஒரு கிலோவில் 40 கிராம் கொழுப்பு, சுமார் 900 கிலோகலோரி. ஆயிரம் கிலோகலோரிக்கு 44 கிராம் ஆகிறது. உலர் உணவு ஒரு கிலோவில் 60 கிராம், சுமார் 3300 கிலோகலோரி. ஆயிரத்துக்கு 18 கிராம். மணிக்கு நமக்கு வேண்டியது ஆயிரத்துக்கு 20 கிராமுக்குள். லேபிளில் கொழுப்புக்குப் பக்கத்தில் ‘குறைந்தபட்சம்’ என்ற சொல் இருந்தால், உள்ளே அதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்று அர்த்தம். தயாரிப்பாளருக்கு எழுதி உண்மையான அளவைக் கேள். ‘லைட்’, ‘சீனியர்’ என்ற பெயர்களைப் பார்த்து மட்டும் வாங்காதே. கணக்குப் போட்டால் பல பாக்கெட்டுகள் நம் அளவைத் தாண்டும்.

அளவு இப்படி. எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டு. அவன் 10 கிலோ, ஆக 370. அதிகம் ஓடாத வயசான நாய் என்பதால் அதை 1.2-ஆல் பெருக்கு. ஏறக்குறைய 444 கிலோகலோரி. மேலே சொன்ன உலர் உணவில் அது நாளைக்கு 135 கிராம். காலையிலேயே தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடு. கப்பில் அள்ளினால் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். அதை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடு. நேரம் ஒத்துவராவிட்டால் மூன்று வேளை, அதற்குக் குறைக்காதே. இது தொடக்க அளவுதான். மூன்று வாரத்தில் எடை ஏறினால் பத்தில் ஒரு பங்கு குறை, இறங்கினால் கூட்டு. புது உணவுக்கு ஒரேயடியாக மாற்றாமல், முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஏழு முதல் பத்து நாளில் கொண்டுவா.

இந்தக் கணக்கில் அவனுக்கு நாள் முழுக்கக் கிடைக்கும் கொழுப்பு 8 கிராம். ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெயில் இருப்பதும் ஏறக்குறைய 8 கிராம். மாத்திரையை அதில் பொதித்துக் கொடுத்தால் ஒரு விழுங்கில் ஒரு நாள் கொழுப்பு உள்ளே போய்விடும். சீஸும் அப்படியே. மூட்டுக்காக நீ தரும் மீன் எண்ணெய் மாத்திரை ஒன்று ஒரு கிராம் கொழுப்பு. இரண்டு தந்தால் நாளின் கால் பங்கு. நிறுத்துவதா, குறைப்பதா என்று டாக்டரிடம் கேட்டு முடிவு செய். மாத்திரையை அவனுடைய உணவையே நனைத்துப் பிசைந்த உருண்டைக்குள் வை. கடித்து விளையாடத் தரும் தோல், காது வகைகளை எடுத்துவிடு. குப்பைத்தொட்டிக்கு அழுத்தி மூடும் மூடி வேண்டும்.

பேத்தி தன் தட்டிலிருந்து ஊட்டாமல் இருக்கமாட்டாள், அவளைத் திட்டாதே. அந்த 135 கிராமிலிருந்தே 10 கிராம் எடுத்து அவளுக்கென்று ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுத்துவிடு. வெள்ளரித் துண்டும் தரலாம். மாப்பிள்ளையிடமும் சொல், ‘ஒரு துண்டுதானே’ என்பது இந்த வீட்டில் இனி கிடையாது.

அடுத்து, அவன் உடம்பு என்ன சொல்கிறது என்று பார். தாக்குதல் எப்போதும் வாந்தியோடு தொடங்காது. தட்டுவரை வருவான், மோந்து பார்ப்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். உதட்டை நக்கி நக்கி, வெறும் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பான். அது குமட்டல். முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தரையில் பதித்து, பின்புறத்தை மட்டும் தூக்கியபடி நின்றால், சோம்பல் முறிக்கிறான் என்று நினைக்காதே. சோம்பல் முறித்தால் இரண்டு மூன்று நொடியில் எழுந்து உடம்பை உதறுவான். வலியில் அப்படியே நிற்பான், கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடியும் அதே மாதிரி நிற்பான். விலாவுக்குப் பின்னால் கை வைத்தால் வயிறு பலகையாக இறுகும். வயசாகிவிட்டது, அதனால்தான் படுத்தே கிடக்கிறான் என்று விட்டுவிடுவதுதான் வயசான நாய்களுக்கு நடக்கும் பெரிய அநியாயம்.

ஒரு வேளை சாப்பிடவில்லையென்றால் கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடு. கெஞ்சவோ வாயில் திணிக்கவோ செய்யாதே. குமட்டலோடு திணித்த உணவின் மீது வெறுப்பு வந்துவிட்டால் பிறகு அந்த உணவைத் தொடவே மாட்டான். அடுத்த வேளை கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி வை, வாசனை எழும். கணையத்துக்கு ஓய்வு என்று நாள்கணக்கில் பட்டினி போடும் பழைய வழக்கத்தை இப்போது கைவிட்டுவிட்டார்கள். வாந்தி அடங்கியதும் சீக்கிரமே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதுதான் குடலுக்கு நல்லது. அதனால் வாந்தியை நிறுத்தும் மருந்து முக்கியம். மாரோபிடன்ட் மாத்திரையை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, எந்த நிலையில் தரலாம் என்று இப்போதே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்.

சில மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று முறை வாந்தி, குடித்த தண்ணீரும் தங்காமை, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமை, வாந்தியில் ரத்தம், கருப்பு மலம் — இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதே. கண்ணோ ஈறோ மஞ்சளாகத் தெரிந்தாலும் அன்றே போ. வீங்கிய கணையம் பக்கத்திலிருக்கும் பித்தக் குழாயை அழுத்தியிருக்கலாம். நீர்ச்சத்துக் குறைவைப் பார்க்கப் பிடரித் தோலை இழுத்துப் பார்க்கச் சொல்வார்கள். வயசான நாய்க்கு அது பொருந்தாது, தோல் தளர்ந்து எப்போதுமே மெதுவாகத்தான் இறங்கும். ஈறைத் தொட்டுப் பார். வழுக்கினால் நல்லது, விரல் ஒட்டினால் நீர் குறைந்திருக்கிறது. ஈறை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

வலிக்கு நம் மருந்துப் பெட்டியில் இருக்கும் எதையும் தராதே. பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாக முடியும். மூட்டுவலிக்குத் தரும் மெலாக்சிகாமை, வாந்தி தொடங்கிய உடனே நிறுத்தி டாக்டருக்குப் போன் செய். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண்ணாக்கும். வலிக்கு டாக்டர் காபாபென்டின் என்ற மருந்தை எழுதிக்கொடுத்தால் மாத்திரையாகவே வாங்கு. மனிதருக்கான சிரப்பில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்ந்திருக்கலாம், அது நாய்க்கு விஷம்.

வாரம் ஒரு முறை அவனைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, உன் எடையைக் கழித்து எழுதி வை. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்து, மலம் நிறையவும் வெளுத்தும் எண்ணெய்ப் பசையாகவும் போனால் கணையம் நொதி சுரப்பதை நிறுத்திக்கொண்டிருக்கலாம். கணையம் நொதி சுரக்கிறதா என்று காட்டும் டிஎல்ஐ ரத்தப் பரிசோதனை, வைட்டமின் பி12 இரண்டையும் பார்க்கச் சொல். நொதிப் பொடியை ஒவ்வொரு வேளையும் உணவில் கலந்து கொடுத்தால் பல நாய்கள் மீண்டு வரும். தண்ணீர் அதிகம் குடித்து அதிகம் சிறுநீர் போனால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், இன்சுலினும் இதே கணையத்திலிருந்துதான் வருகிறது.

இந்த ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் அளவு இல்லை. ரத்தத்தில் அது கூடியிருந்தால் உணவை இன்னும் இறுக்க வேண்டியிருக்கும், அடுத்த முறை போகும்போது கேட்டு எடுத்துவிடு. 12 மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். காலை 9 மணிக்கு ரத்தம் எடுப்பதாக இருந்தால் முந்தின இரவு 9 மணிக்கு மேல் தண்ணீர் மட்டும்தான். அன்றைக்கு ஒரு நாள் பேத்தியின் கிண்ணத்தையும் எடுத்து உள்ளே வைத்துவிடு.

அன்புடன்,
அப்பா