அல்பினெனில் குடியேறுவது பற்றி

அன்புள்ள மகனுக்கு,

சூரிச்சை விட்டு, சுவிட்சர்லாந்தின் மலையூரான அல்பினெனில் வீடு வாங்கிக் குடியேறலாமா என்று நீயும் மருமகளும் யோசிப்பதாக எழுதியிருந்தாய். அந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள லாய்க்கர்பாட்டில் ஒரு விடுதிச் சமையலறையில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவன் நான். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பணம். 2017 நவம்பரில் ஊரவர் கூடி, 71 பேர் ஆதரவாகவும் 29 பேர் எதிராகவும் வாக்களித்து, குடியேற வருபவர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை நிறைவேற்றினார்கள். 45 வயதுக்கு உட்பட்டவர்கள் அங்கேயே நிரந்தரமாக வசித்து, வீட்டுக்குக் குறைந்தது 200,000 பிராங்க் செலவிட்டால், பெரியவருக்கு 25,000 பிராங்கும் பிள்ளைக்கு 10,000 பிராங்கும் கிடைக்கும். உங்கள் நால்வருக்கும் 70,000 ஆகிறது. பத்து ஆண்டுகளுக்குள் வெளியேறினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்றைய விதிகளை ஊர் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்.

ஆனால் அந்த ஊர் எதற்காக இப்படிப் பணம் கொடுக்க முன்வந்தது என்பதை நீ நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போது அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 240 பேர்தான். சில குடும்பங்கள் போனதும் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. எஞ்சிய பிள்ளைகள் பேருந்தில் வேறு ஊருக்குப் படிக்கப் போனார்கள். ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில், வெயிலில் கறுத்துப்போன மர வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் அழகான ஊர் அது. ஒரு மாலையில் அந்தத் தெருக்களில் நடந்தபோது, வரிசையாகப் பல வீடுகளின் சன்னல் பலகைகள் மூடிக்கிடந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு கனத்தது. போர்க்காலத்தில் நம் ஒழுங்கைகளும் அப்படித்தான் கிடந்தன.

அல்பினெனுக்கும் லாய்க்கர்பாட்டுக்கும் இடையில் செங்குத்தான பாறை இருக்கிறது. சாலை வருவதற்கு முன் ஊரவர் விளைபொருளை முதுகில் சுமந்து, அந்தப் பாறையில் சாத்திய எட்டு மர ஏணிகள் வழியாகவே விற்கப் போனார்கள். அந்த ஏணிகள் இன்றும் இருக்கின்றன. ஓர் ஓய்வு நாளில் நான் அவற்றில் ஏறினேன். ஏணிப்படிகளில் ஈரம் ஊறியிருந்தது. கைப்பிடியை விட மனமில்லாமல், ஒவ்வொரு படியாக இறுகப் பற்றி ஏறினேன். வெறும் கையோடு போன எனக்கே மூச்சு வாங்கியது. சுமையோடும் பனிக்காலத்திலும் அதில் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அந்த வாக்கெடுப்பில் கை உயர்த்தியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இந்த நாட்டில் கெமைண்ட, அதாவது ஊராட்சி, என்பது வெறும் அலுவலகமில்லை என்பது உனக்குத் தெரியும். உன் கடவுச்சீட்டைத் திறந்து பார். பிறந்த இடம் இருக்காது, பூர்வீக ஊர் இருக்கும். ‘எந்த ஊர்?’ என்று நம்மவர் கேட்பதைத்தான் இவர்கள் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். அவ்வளவு சிறிய ஊரில் தண்ணீர், சாலை, வரவுசெலவு எல்லாவற்றையும் ஊர்க்கூட்டமும், பகலில் வேறு வேலை பார்க்கும் ஒரு சிலரும்தான் கவனிக்கிறார்கள். குடியுரிமை பெற்ற நீயும் கூட்டத்துக்குப் போக வேண்டும். ஒருநாள் பொறுப்பை ஏற்கும்படி உன்னையும் கேட்பார்கள். அதற்கு மனமிருந்தால் மட்டும் போ.

1990-இல் 3,000-க்கு மேல் இருந்த கெமைண்டகள் இன்று 2,200-க்கும் குறைவு. டிசினோ மாநிலத்தில், நாட்டிலேயே மிகச் சிறியதாக இருந்த கொரிப்போ, பத்துப் பன்னிரண்டு பேரோடு தாக்குப்பிடித்துப் பார்த்து, 2020-இல் வெர்சாஸ்கா என்ற புதிய கெமைண்டவில் கலந்துவிட்டது. அல்பினென் அந்த வழியில் போகக் கூடாது என்று நான் மனதார விரும்புகிறேன்.

கோடையில் போய்ப் பார்த்து முடிவெடுக்காதே. நவம்பரில், வேலை நாள் ஒன்றில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு இரவு தங்கு. காலையில் பிள்ளைகள் பேருந்துக்கு நிற்கும் இடத்தில் நீயும் போய் நில். அங்கே நிற்கும் தாய் தகப்பனிடம் பேசிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா