குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும்

ஆசிரியருக்கு,

மது மீட்பு மையங்களை அதிகரிக்க வலியுறுத்திய தங்கள் தலையங்கம் அவசியமானது. ஆனால் அது குடிப்பவரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அவரைத் தாங்கித் தாங்கியே தன்னை இழந்துவிடும் மனைவியோ தாயோ அதில் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெண், கணவர் போதையில் எழ முடியாத நாட்களில் முதலாளிக்குப் போன் செய்து 'காய்ச்சல்' என்பார். நகையை விற்று அவருடைய கடனை அடைப்பார். அன்பினால்தான் செய்கிறார். ஆனால் குடியின் விளைவு எதுவும் கணவரைத் தொடுவதே இல்லை. அப்புறம் அவர் ஏன் நிறுத்தப் போகிறார்? ஊரோ அந்தப் பெண்ணைப் பொறுமைசாலி என்று புகழ்கிறது. அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

குடிப்பவரைத் தாங்குவதே தன் வாழ்க்கை என்றாகிவிடும் இந்த இணைசார்பு (codependency) நிலையிலிருந்து மீள்வதற்கும் உதவி தேவை. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக 1951-இல் அமெரிக்காவில் உருவான அல்-அனான் குழுக்கள் தமிழகத்திலும் கூடுகின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய சிகிச்சை மையம் குடும்பத்தினருக்கும் ஆலோசனை தருகிறது. அரசு மையங்களும் நோயாளியைச் சேர்க்கும் நாளிலேயே குடும்பத்தினருக்குத் தனி ஆலோசனையைத் தொடங்க வேண்டும். அல்-அனான் கூட்டங்களுக்கு அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒரு மாலை ஓர் அறை ஒதுக்கலாம்.

- வாசகி, ஈரோடு