அந்த ஆறு மா வயலைத் தொட வேண்டாம்

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

மணிகண்டன் அண்ணன் திருச்சியிலிருந்து கொண்டுவந்த பை பத்திரமாக வந்து சேர்ந்தது. நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டிலுக்கு அம்மா நாலு பிளாஸ்டிக் பை சுற்றியும் எண்ணெய் கசிந்து, உங்கள் கடிதத்தின் மூலையில் மஞ்சளாக ஏறிவிட்டது. படிக்க முடிகிறது. இரண்டு மாதமாக போனில் 'ம், சரி, அப்புறம்' என்பதைத் தாண்டி நான் எதுவும் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். லேட்டாகிவிட்டது, நீங்கள் தூங்கியிருப்பீர்கள் என்று நான் சொன்னதும் பொய்தான், இங்கே இரவு பத்து என்றால் அங்கே ஏழரை, நீங்கள் சீரியல் பார்க்கும் அம்மாவைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரம்.

முதலில் முக்கியமானது. ஆற்றங்கரை ஆறு மா வயலை அடமானம் வைக்க மன்னார்குடியில் யாரிடமோ பேசியிருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். கதிர் என்னிடம் ஏற்கனவே சொல்லிவிட்டான், அவனைத் திட்ட வேண்டாம்.

நான் ஆறு மாதத்துக்கு முன் வாய் தவறிச் சொன்ன 'சர்வதேசக் கல்வி மேல்படிப்பு' உங்கள் மனதில் இவ்வளவு ஆழமாக இறங்கும் என்று நினைக்கவில்லை. அது என்ன படிப்பு, கலெக்டர் ஆகலாமா என்று பெரியப்பா கேட்டாராம். ஆக முடியாது என்று சொல்லிவிடுங்கள். என் வேலையை வைத்துச் சொன்னால் உங்களுக்குப் புரியும். எங்கள் அட்மிஷன் மேசைக்கு ஒரே நாளில் நாலு நாட்டு மார்க் ஷீட் வரும். ஜெர்மனிப் பிள்ளையின் ஷீட்டில் 1 என்றால் முதல் தரம், பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில் 6தான் உச்சம், பிரான்ஸில் 20க்குப் போடுவார்கள், நம் பிள்ளைகள் 100க்கு 97 வாங்கிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எந்த மார்க் எந்த மார்க்குக்குச் சமம், நாடு மாறி வரும் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது, அதை யார் முடிவு செய்வது, இதையெல்லாம் படிக்கிற படிப்பு. நீங்கள் செங்கல் சூளைப் பிள்ளைகளை டிசி இல்லாமல் சேர்த்துக்கொண்டு கல்வி அதிகாரி ஏஇஓவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்களே, அதுவும் இதுதான். அவர்களுக்கு அது வேறு மாவட்டம், எங்களுக்கு வேறு கண்டம்.

சரி, செலவு. நியூயார்க்கில் டீச்சர்ஸ் காலேஜ் என்று ஒன்று, 1887இல் தொடங்கியது, கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அதையும் 'டிசி' என்றுதான் சுருக்கிச் சொல்கிறார்கள், உங்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கொலம்பியா என்றதும் அம்பேத்கர் படித்த இடம் என்று நீங்கள் எழுந்து உட்காருவீர்கள் என்று தெரியும். அவர் 1913இல் போனபோது பரோடா மகாராஜா மாதம் 11.5 பவுண்டு கொடுத்தார். எனக்கு எந்த மகாராஜாவும் இல்லை, அங்கே பாடத்தைப் பாயிண்ட் கணக்கில் எடைபோட்டுக் காசு வாங்குகிறார்கள், அந்த ஊர் வாடகை அதற்கு மேல். அதை நான் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

லண்டன்தான் மனதில் நின்றது, அதை உங்களிடம் மறைப்பானேன். 1902இல் ஆசிரியர் பயிற்சிக்கு ஆரம்பித்த நிறுவனம், இப்போது யூசிஎல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்திருக்கிறது. ஒரே வருடத்தில் முடிந்துவிடும். ஆனால் வெளிநாட்டவருக்குக் கட்டணம் மட்டும் 30,000 பவுண்டைத் தாண்டுகிறது. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல், மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள். அதுபோக ஒன்பது மாதச் சாப்பாட்டு வாடகைப் பணம் 13,000 பவுண்டுக்கு மேல் கையில் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட வேண்டும், அதுவும் வங்கியில் 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும். நம் வீட்டில் எந்தப் பணம் 28 நாள் அசையாமல் கிடந்திருக்கிறது? இன்னும் ஆஸ்பத்திரிக்கென்று வருடத்துக்கு 776 பவுண்டு, ஒரு தும்மல் போடாவிட்டாலும் கட்டியாக வேண்டும். நம் ஊர் வங்கியில் படிப்புக் கடன் என்றால் ஏழரை லட்சத்துக்கு மேல் போனாலே பல இடத்தில் சொத்து ஜாமீன் கேட்பார்கள், வயலைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். அதனால்தானே நீங்கள் வங்கிக்குப் போகாமல் வட்டிக்காரரிடம் போயிருக்கிறீர்கள்? எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

மூன்றாவது இங்கேயே இருக்கிறது, என்ஐஇ என்கிற தேசியக் கல்விக் கழகம். சிங்கப்பூர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் பயிற்சி பெறும் இடம். மாலை வகுப்பு, வேலையை விட வேண்டாம், பருவத்துக்குப் பருவம் கட்டிக்கொள்ளலாம், மானியம் நமக்குக் கிடையாது. நான் பார்த்து வைத்திருப்பது கல்வி மேலாண்மை, நான் கேட்ட படிப்புக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். பூன் லேயில் இறங்கி 179 பஸ் பிடிக்க வேண்டும், இங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம். ஒரே மரமும் மேடுமாக இருக்கிறது.

சாப்பாடு பற்றி அம்மா கேட்டிருந்தாள். நன்றாகச் சாப்பிடுகிறேன். கீழே கோப்பிக்கடையில் சோறும் இரண்டு காயும் வாங்கினால் போதும். இரவில் பேக்கரி மூடும் நேரத்துக்குப் போனால் மூன்று பன் ஒரு விலைக்குத் தருவார்கள், எனக்கு பன் பிடித்துப்போய்விட்டது. ஆபீஸில் ஏசிதான் உயிரை வாங்குகிறது, வெளியே வெயில் கொளுத்த உள்ளே அம்மாவின் பச்சை சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அறையில் நாங்கள் மூன்று பேர், ஒருத்திக்கு நைட் ஷிஃப்ட், அதனால் எந்நேரமும் யாராவது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். சத்தம் போடாமல் இருக்கப் பழகிவிட்டேன். இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைந்திருக்கும், வங்கியில் ஏதோ பிடித்துக்கொண்டார்கள், அடுத்த மாதம் சரியாகிவிடும்.

எதிர்வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொன்னேனே, குருவி வளர்ப்பவர். விடியற்காலையில் மூங்கில் கூண்டுக்குத் துணி போர்த்தி, கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பாட்டுப் போட்டிக்கு எடுத்துப் போவார், போட்டி குருவிக்கு. உயிருள்ள வெட்டுக்கிளியை இரண்டு விரலில் பிடித்து ஊட்டுவார். என்னைப் பார்த்தால் 'மாக்கான்?' என்பார், சாப்பிட்டாயா என்று. இப்போது சீனர்களுக்கு ஏழாம் மாதம், செத்தவர்கள் வீட்டுக்கு வரும் மாதம், நம் ஆடி அமாவாசை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று இரவு புளோக்குக்குக் கீழே தகரத் தொட்டியில் அவர் மனைவிக்காக நோட்டுக்கட்டுகளை எரித்துக்கொண்டிருந்தார், நிஜ நோட்டு இல்லை, பூஜ்ஜியம் பூஜ்ஜியமாக அச்சடித்த காகிதம். ஒரு கட்டைப் பிரித்து என் கையில் கொடுத்து, நீயும் போடு என்று சைகை காட்டினார். ஒவ்வொன்றாகப் போட்டேன். ஆயா ஞாபகம் வந்தது. இந்த வருடம் ஆயா திதிக்கு நான் போன் கூடச் செய்யவில்லை, அப்பா. தொட்டி அணைகிற வரைக்கும் அங்கேயே நின்றேன், புகையில் கண் எரிந்தது, தாத்தா ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. செவனிங் என்று பிரிட்டிஷ் அரசு கொடுக்கும் உதவித்தொகை, கட்டணம், விமானச் செலவு, சாப்பாடு எல்லாம் அவர்களே. 2,800 மணி நேரம் வேலை பார்த்த அனுபவம் வேண்டும், அதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடிவிடுவார்கள். கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டேன், செங்கல் சூளைப் பிள்ளைகளைப் பற்றி. அதில் ஒரு நிபந்தனை, படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடமாவது அங்கே இருக்க வேண்டும். தண்டனை மாதிரி எழுதியிருக்கிறார்கள். நான் அந்த வரியைத்தான் நாலு தடவை படித்தேன். கிடைக்காவிட்டால் 179 பஸ் இருக்கிறது. இரண்டில் எதற்கும் வயல் வேண்டாம்.

அம்மா கண் ஆபரேஷனை தீபாவளிக்கு அப்புறம் என்று தள்ள வேண்டாம், குறுவை அறுப்பு முடிந்த கையோடு தஞ்சாவூருக்குக் கூட்டிப் போங்கள். மோட்டார் காயில் மறுபடி போனால் அதே ஆளிடம் கொடுக்காதீர்கள், போன தடவை கட்டியது நாலு மாதம்கூட ஓடவில்லை. கதிர் இரண்டு அரியர் என்று உங்களிடம் சொல்லியிருப்பான், மூன்று. சின்னத்தை மகள் கல்யாணத்துக்கு மொய் ஐயாயிரத்துக்குக் குறையக் கூடாது, அக்கா கல்யாணத்துக்கு அவர்கள் எழுதியதை நோட்டில் பாருங்கள், பச்சை அட்டை நோட்டு. பெரியப்பா வேலிக்கல்லை மறுபடி நகர்த்தியிருந்தால் சண்டைக்குப் போகாமல் சர்வேயருக்கு மனு கொடுங்கள். மணிகண்டன் அண்ணன் பதினைந்து நாளில் திரும்புகிறார், கோடாலித் தைலம் ஆறு, மைலோ இரண்டு கொடுத்து விடுகிறேன், தைலத்தில் ஒன்று வாத்தியார் வீட்டு அம்மாவுக்கு.

ஆறு மாவின் பத்திரத்தை அம்மா பீரோவில் வைத்துச் சாவியை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். கொடுத்த பிறகு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள், உங்கள் போனிலிருந்து வேண்டாம், அவள் போனிலிருந்து.

உங்கள் மகள்,
தேன்மொழி